பூட்டிக்கொண்ட பாட்டுப் பெட்டி

காரின் பாட்டரிக்கு ஆயுசு மூன்று வருஷமோ நாலு வருஷமோதான். ஒரு நாள் காலையில், அதுவும் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு விட நேரமாகிவிட்ட நாளாகப் பார்த்து, அது உயிரை விடும். மெக்கானிக் வருவார், பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவார், பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். சாவியைத் திருகினால் வண்டி ஜோராகக் கிளம்பும். அப்பாடா என்று மூச்சு விட்டு, ஒரு பாட்டுக் கேட்போமே என்று ரேடியோவின் பொத்தானை அழுத்துவீர்கள். பாட்டு வராது. சின்னக் கண்ணாடித் திரையில் 'கோட்' என்று ஒரு வார்த்தை தோன்றும். சில வண்டிகளில் 'ஸேஃப்' என்று வரும். இன்னும் சிலவற்றில் வெறுமனே நாலு சிறு கோடுகள். நேற்றுச் சாயங்காலம் வரையில் தொட்டால் பாடிய பெட்டி, இன்று உங்களைப் பார்த்து, "நீ யார்? இந்த வண்டி உன்னுடையதுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்கிறது!

வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் திண்டாடியவர்கள் எத்தனையோ பேர். இது எங்கிருந்து முளைத்தது, இதற்கு எப்படிப் பதில் சொல்வது என்பதை இந்த வாரம் பார்ப்போம். மோட்டார் சமாசாரமெல்லாம் ஆண்கள் பாடு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! பதில் சொல்ல வேண்டிய முறை உங்களுக்கே வந்து சேரலாம்.

காருக்குள் ரேடியோ வைப்பதே ஆதியில் பெரிய சாகசமாக இருந்தது. அமெரிக்காவில் சிக்காகோ நகரத்துச் சகோதரர்கள் பால் கால்வின், ஜோசப் கால்வின் என்ற இருவர் 1930-ல் காருக்கென்றே ஒரு ரேடியோவைத் தயாரித்தார்கள். அந்த வருஷம் அட்லாண்டிக் ஸிடியில் ரேடியோ உற்பத்தியாளர்களின் மகாநாடு நடந்தது. பால் கால்வினுக்கு மண்டபத்துக்குள்ளே கடை போட வசதியில்லை. மனுஷர் சளைத்தாரா? தம்முடைய ஸ்டூட்பேக்கர் காரில் ரேடியோவைப் பொருத்தி, காரை மண்டப வாசலிலே கொண்டு நிறுத்தி, உரக்கப் பாட விட்டார். உள்ளே போக வந்தவர்கள் வாசலிலேயே நின்று காது கொடுத்தார்கள். அந்த ரேடியோவுக்கு வைத்த பெயர்தான் 'மோட்டோரோலா'. பிற்பாடு கம்பெனிக்கே அது பெயராகிவிட்டது. இரண்டு வருஷம் கழித்து, 1932-ல், ஜெர்மனியில் 'ப்ளாபுங்க்ட்' என்ற மார்க்குடன் ஐரோப்பாவின் முதல் கார் ரேடியோ வந்தது. ப்ளாபுங்க்ட் என்றால் ஜெர்மன் பாஷையில் நீலப் புள்ளி. பரிசோதனையில் தேறிய சாமான்களின் மேல் அந்தக் கம்பெனிக்காரர்கள் ஒரு நீலப் புள்ளி ஒட்டுவார்களாம். பொட்டு வைத்த பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்களேன்! விலையைக் கேட்டால்தான் தலை சுற்றும். காரின் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

நம் நாட்டில் ரேடியோ வைத்துக்கொள்வதற்கே தபாலாபீசில் பணம் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்தது, பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அப்போதெல்லாம் காரில் ரேடியோ என்றால் தெருவே திரும்பிப் பார்க்கும். அத்தனை அருமையான பொருளுக்குத் திருட்டுப் பயமும் கூடவே வருவது சகஜம்தானே?

ஆனால் அந்தத் திருட்டை ஒரு பெருந்தொழிலாக ஆக்கிவிட்டது, ஒரு நல்ல காரியம். ஆரம்பத்தில் ஒவ்வொரு காருக்கும் ரேடியோ ஒவ்வொரு அளவு. இதனால் எல்லோருக்கும் தொந்தரவு என்று, ரேடியோ உட்காரும் பொந்துக்கு ஒரே அளவை ஏற்படுத்தினார்கள். ஜெர்மனியில் பிறந்த அளவு அது: அகலம் 180 மில்லிமீட்டர், உயரம் 50 மில்லிமீட்டர். எந்தக் கம்பெனி ரேடியோவையும் எந்தக் காரிலும் மாட்டலாம். பழுது பார்க்கிறவர் சுலபமாக உருவுவதற்காக, முகப்பின் இரண்டு பக்கமும் சிறு துவாரங்கள் விட்டு, அவற்றில் செருகி இழுக்க வளைந்த கம்பிகளும் செய்தார்கள். சொந்தக்காரருக்கு எத்தனை சௌகரியமோ, திருடனுக்கும் அத்தனை சௌகரியம்! கண்ணாடியை உடைத்து, கம்பியைச் செருகி இழுத்தால், ஒரு நிமிஷத்தில் காரியம் முடிந்தது. அந்தப் பெட்டியை ஊரிலுள்ள எந்தக் காருக்கும் விற்கலாம்.

1980-களில் நியூயார்க் நகரத்தில் இந்தத் தொல்லை உச்சத்துக்குப் போயிற்று. காரை நிறுத்திவிட்டுப் போகிறவர்கள், 'ரேடியோ இல்லை' என்று அட்டையில் எழுதிக் கண்ணாடியில் வைத்துவிட்டுப் போனார்கள். "ஐயா திருடரே, இங்கே ஒன்றுமில்லை, தயவு செய்து கண்ணாடியை உடைக்காதீர்கள்" என்று கும்பிட்டுக் கேட்டுக்கொள்வது மாதிரிதான்! ஐரோப்பாவில் வேறு மாதிரி. கைப்பிடி வைத்த ரேடியோக்களை விற்றார்கள். காரிலிருந்து இறங்கும்போது, ரேடியோவை உருவிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியது. இத்தாலியில் ஹோட்டலுக்குச் சாப்பிடப் போகிறவர்கள், நம்மவர்கள் டிபன் காரியரைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போய் மேஜை மேல் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். பிறகு, முகப்பை மட்டும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும்படி ஒரு வகை வந்தது. கழற்றிய முகப்பை எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடுவது அடுத்த தலைவலி.

இந்தச் சமயத்தில்தான் ஒரு யுக்தி பிறந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகட்டும். ஆனால் போன இடத்தில் அது பாடக்கூடாது! இந்த எண்ணத்தில் செய்ததுதான் ரகசிய எண் வைத்த ரேடியோ.

அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன், ரொம்பச் சுலபம். ரேடியோவுக்கு மின்சாரம் இரண்டு கம்பிகள் வழியாக வருகிறது. ஒன்று, சாவியைத் திருகினால்தான் உயிர் பெறும். மற்றொன்றில் இரவு பகல் எந்நேரமும் சிறிது மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். கடையில் வாங்கி மாட்டும் ரேடியோக்களில் முன்னது சிவப்பு, பின்னது மஞ்சள். அந்த மஞ்சள் கம்பியில் மின்சாரம் அறுந்துபோனால், 'ஐயோ, என்னைப் பிடுங்கிவிட்டார்கள்!' என்று ரேடியோ முடிவு கட்டிவிடுகிறது. அப்புறம் யார் எத்தனை மின்சாரம் கொடுத்தாலும் வாயைத் திறக்காது. அதனுள்ளே எட்டுக் கால் பூச்சி மாதிரி ஒரு சிறு சில்லு இருக்கிறது. மின்சாரமே இல்லாமல் வருஷக் கணக்கில் கிடந்தாலும் அதற்கு மறதி கிடையாது. நாலு இலக்கமுள்ள எண் ஒன்று அதிலே எழுதியிருக்கும். ஹோண்டா மாதிரிச் சில கார்களில் ஐந்து இலக்கம். அதே எண்ணை நீங்களும் முகப்பிலுள்ள பொத்தான்களால் அடித்தால், "சரி, நம் வீட்டு மனுஷர்தான்" என்று பாட ஆரம்பிக்கும்.

திருடன் பிடுங்கினாலும் மின்சாரம் அறுகிறது. மெக்கானிக் பாட்டரி மாற்றினாலும் அறுகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிகிற புத்தி அந்தப் பெட்டிக்கு இல்லை. இதிலேதான் வந்தது வினை.

குத்துமதிப்பாக ஒவ்வொரு எண்ணாக அடித்துப் பார்த்தால் என்ன என்று கேட்பீர்கள். பூஜ்யத்திலிருந்து 9999 வரையில் பத்தாயிரம் எண்கள் இருக்கின்றன. ஃபோக்ஸ்வாகன் கார்களின் பழைய ரேடியோக்களில் இரண்டு முறை தப்பாக அடித்தால் 'ஸேஃப்' என்று காட்டி ஒரு மணி நேரம் மௌன விரதம் இருந்துவிடும். அதுவும் ரேடியோவைப் போட்டபடியே காத்திருக்க வேண்டும். மணிக்கு இரண்டு எண் என்றால், பத்தாயிரத்துக்கு ஐயாயிரம் மணி நேரம். இருநூறு நாளைக்கு மேல், தூங்காமல்! வேறு சில வண்டிகளில் பத்து முறை தப்பினால் 'பிழை' என்று சொல்லி ஒரேயடியாகக் கதவைச் சாத்திக்கொள்ளும். ஆகையால், "உங்கள் பிறந்த நாளை அடித்துப் பாருங்கள், கல்யாண நாளை அடித்துப் பாருங்கள்" என்று பக்கத்து வீட்டுக்காரர் உற்சாகமூட்டினால் கேட்காதீர்கள். அந்த எண் தொழிற்சாலையிலேயே எழுதியது. உங்கள் கல்யாண நாள் அதற்குத் தெரியாது.

பூட்டு பலமானதுதான். ஆனால் யாருக்குப் பூட்டு என்று யோசித்துப் பாருங்கள். வீட்டுப் பூட்டைப் பார்த்தால் திருடன் வாசலிலேயே தயங்குகிறான். இந்தப் பூட்டோ ரேடியோவின் வயிற்றுக்குள்ளே இருக்கிறது. அதனால்தான் கண்ணாடியில் 'இது ரகசிய எண் உள்ள ரேடியோ' என்று ஒரு சீட்டு ஒட்டி, டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கை மினுக்கு மினுக்கென்று மின்ன விட்டார்கள். அவசரக்காரத் திருடன் இருட்டிலே சீட்டைப் படித்துக்கொண்டா நிற்பான்? கண்ணாடியை உடைத்து, பெட்டியைப் பிடுங்கி, வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, பாடாது என்று தெரிந்ததும் குப்பையில் எறிந்தான். அவனுக்கு நஷ்டம் ஒரு நிமிஷம். நமக்கு நஷ்டம் கண்ணாடியும் ரேடியோவும். திருட்டு ரேடியோ வாங்குகிறவர்களுக்கு மெள்ள மெள்ள இதன் மேல் பயம் வந்து, சந்தை குறைந்தது என்னவோ வாஸ்தவம். அந்தப் பெருமையை இதற்குக் கொடுத்துவிடலாம். ஆனால் அதற்குள்ளும் அதற்குப் பிறகும் இந்தப் பூட்டினால் அதிகமாக அவதிப்பட்டவர்கள் திருடர்கள் இல்லை. பாட்டரி மாற்றிய சொந்தக்காரர்கள். பழைய கார் வாங்கினவர்கள். காரை வாங்கின மனுஷர் போய், வண்டி மட்டும் மிஞ்சின வீடுகள்.

எங்கள் தெருவில் ஒரு மாமி இருக்கிறார். வயசு அறுபதைத் தாண்டிவிட்டது. மாமா இருந்தவரையில் காரை அவர்தான் ஓட்டுவார். மாமி பக்கத்தில் உட்கார்ந்து, கச்சேரி கேட்டுக்கொண்டு வருவார். மாமா காலமான பிறகு வண்டி சில மாதம் துணி போர்த்திக்கொண்டு கிடந்தது. விற்றுவிடு என்று பிள்ளை அமெரிக்காவிலிருந்து சொன்னான். மாமி விற்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் டிரைவிங் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, லைசென்ஸும் எடுத்துவிட்டார்! தெருவிலே எல்லோருக்கும் ஆச்சரியம். கிடந்த வண்டிக்குப் பாட்டரி மாற்றினார்கள். ரேடியோ பூட்டிக்கொண்டது.

எண் எழுதிய அட்டையைத் தேடினார். கிடைக்கவில்லை. அதையெல்லாம் மாமாதான் வைத்திருந்தார். அவருக்கு எல்லாம் தலையிலேயே இருக்கும். காரை வாங்கிய இடத்துக்கே மாமி போனார். அங்கே இருந்த பையன் மரியாதையான பையன்.

"நம்பர்தானேம்மா, அஞ்சு நிமிஷத்திலே வாங்கித் தந்துடறேன். ஆர்.சி. கொண்டு வந்திருக்கீங்களா?" என்றான். மாமி கொடுத்தார். பார்த்துவிட்டு, "வண்டி சார் பேர்லே இருக்கும்மா. இந்தப் பேப்பரிலே சாரை ஒரு கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்க" என்றான்.

மாமி ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தாராம். பையன் புரிந்துகொண்டு தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தான். ஆனாலும் விதி விதிதானே! "பேர் மாத்திட்டு வாங்கம்மா, உடனே தந்துடறோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

"பதினோரு வருஷமா அது பக்கத்திலேயே உட்கார்ந்துண்டு பாட்டுக் கேட்டிருக்கேன். அது என்னை யாருன்னு கேக்கறது, பாரேன்!" என்று மாமி என்னிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பையன் மேல் தப்பில்லை. கேட்கிறவர்களுக்கெல்லாம் எண்ணை எடுத்துக் கொடுத்தால் பூட்டு எதற்கு? காரின் சொந்தக்காரர் என்று காகிதத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் கொடுக்கலாம். ரேடியோ கேட்ட கேள்வியையே அவனும் கேட்டான். அந்தக் கேள்விக்குப் பல வீடுகளில் பெண்களிடம் காகிதப் பூர்வமான பதில் இல்லை. நகைக்கு ரசீது இருக்கிறது, ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறது, காருக்கு இல்லை.

ஆகையால் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டமும் அதன் விதிகளும் இதற்கு வழி வைத்திருக்கின்றன. வண்டியின் சொந்தக்காரர் காலமாகிவிட்டால், வாரிசு முப்பது நாளைக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு, அதாவது ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு, தகவல் சொல்லிவிட வேண்டும். மூன்று மாதம் வரையில் வண்டியைப் பழைய பெயரிலேயே உபயோகிக்கலாம். அதற்குள் 31-ஆம் நம்பர் படிவத்தைப் பூர்த்தி செய்து, மரணச் சான்றிதழ், ஆர்.சி., இன்ஷூரன்ஸ் காகிதங்களுடன் கொடுத்துப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். 2021-ல் விதிகளைத் திருத்தி, வண்டியின் பதிவிலேயே நாமினி பெயரைக் குறித்து வைக்கவும் வசதி செய்திருக்கிறார்கள். பாங்கிக் கணக்குக்குச் செய்கிறோமே, அதே மாதிரி. உங்கள் வீட்டுக் காருக்கு நாமினி குறித்திருக்கிறதா? இன்று ராத்திரி சாப்பாட்டு வேளையில் கேட்டு வையுங்கள். மாமி விஷயத்தில், பெயர் மாற்றாமலே எட்டு மாதம் ஓடிவிட்டிருந்தது. ரேடியோ மட்டும் பூட்டிக்கொள்ளாமல் இருந்தால் இன்னும் எத்தனை மாதம் ஓடியிருக்குமோ! நடுவில் எங்காவது இடித்து வைத்திருந்தால், இன்ஷூரன்ஸ்காரர்களிடம் என்ன பாடு பட்டிருப்பார்? மாமி இப்போது பெயரை மாற்றிக்கொண்டுவிட்டார். பையன் சொன்னபடி அஞ்சு நிமிஷத்தில் எண்ணும் வந்தது.

"எண் எங்கிருந்து வந்தது? கம்பெனியில் எழுதி வைத்திருப்பார்களா?" என்று நீங்கள் கேட்கலாம். இதிலேதான் சுவாரஸ்யமான சங்கதி இருக்கிறது.

சில கம்பெனிகள் பேரேடு வைத்திருக்கின்றன. ரேடியோவின் வரிசை எண்ணைச் சொன்னால், பேரேட்டில் பார்த்து ரகசிய எண்ணைச் சொல்வார்கள். ஆனால் பல கம்பெனிகளில் ரகசிய எண் அந்த வரிசை எண்ணுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது! குறிப்பிட்ட ஒரு முறைப்படி கூட்டிப் பெருக்கினால் வந்துவிடும். ரெனோ கார்களை எடுத்துக்கொள்ளுங்கள். ரேடியோவின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சீட்டில் ஓர் ஆங்கில எழுத்தும் மூன்று இலக்கமும் இருக்கும். அதிலிருந்தே நாலு இலக்க ரகசிய எண்ணைக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். ஐரோப்பிய ஃபோர்டு கார்களில் சில ரேடியோக்களைக் கழற்றக்கூட வேண்டியதில்லை. ஒன்றாம் பொத்தானையும் ஆறாம் பொத்தானையும் ஒருசேர அழுத்திப் பிடித்தால், திரையிலேயே வரிசை எண் ஓடும். ஹோண்டாவிலும் அதே ஒன்றும் ஆறும்தான்: ரேடியோவை அணைத்துவிட்டு, அவ்விரண்டையும் அழுத்திக்கொண்டே போட வேண்டும். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்தார்களோ என்னவோ!

திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டைக் கள்ளச்சாவி போட்டுத் திறப்பதற்காவது ஒரு கைத்திறமை வேண்டும். இங்கேயோ, சாவி செய்யும் அளவைப் பூட்டின் முதுகிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கணக்குத் தெரியாத வரையில்தான் பூட்டு. அந்தக் கணக்கு எத்தனை நாளைக்கு ரகசியமாக இருக்கும்? உலகத்தில் புத்திசாலிகள் பலர் கண்டுபிடித்துவிட்டார்கள். ரெனோவின் கணக்கு இப்போது ஊரறிந்த விஷயம். வேறு சில ரேடியோக்களில் வரிசை எண்ணுக்கும் ரகசிய எண்ணுக்கும் சம்பந்தமே கிடையாது. அவற்றுக்குப் பேரேடு வேண்டும். இல்லையேல், பெட்டியைத் திறந்து, முன்னே சொன்ன அந்த எட்டுக் கால் சில்லை ஒரு கருவியில் பொருத்தி, அதில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். ரேடியோ ரிப்பேர் செய்கிற கைதேர்ந்த மனுஷருக்கு அரை மணி வேலை. சிலவற்றில் எண் பச்சையாகவே எழுதியிருக்கும். சிலவற்றில் மாற்றி மறைத்து எழுதியிருக்கும்.

இதனால், "இந்த ரேடியோ இனி உதவாது, எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். அநேகமாக எல்லாப் பூட்டுக்கும் வழி உண்டு. முதலில் வீட்டிலேயே தேடுங்கள். காருடன் வந்த புஸ்தகங்களின் நடுவில், பாங்கி அட்டை அளவில் ஓர் அட்டை இருக்கும். அது இல்லாவிட்டால், ஸர்வீஸ் புஸ்தகத்தின் முதல் பக்கம், கடைசிப் பக்கம் பாருங்கள். டாஷ்போர்டுப் பெட்டியின் உள்பக்கச் சுவரில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருக்கிறதா என்று விளக்குப் பிடித்துப் பாருங்கள். சாம்பல் கிண்ணத்தைக் கழற்றி அதன் முதுகையும் பாருங்கள். ஹோண்டா கார்களில் இந்த இடங்களில் எண்ணை ஒட்டி வைத்திருப்பது உண்டு. வீட்டைப் பூட்டிச் சாவியை நிலைக்கு மேலே வைத்துவிட்டுப் போகிற நம் பாட்டிமார்களின் வழக்கம் ஜப்பான்காரர்களுக்கும் இருக்கிறது, பாருங்கள்!

வீட்டில் இல்லையென்றால், அந்தக் கார் கம்பெனியின் ஸர்வீஸ் நிலையத்துக்குப் போங்கள். ஆர்.சி.யும் உங்களை அடையாளம் காட்டும் காகிதமும் கையில் இருக்கட்டும். சில இடங்களில் சும்மா கொடுப்பார்கள், சில இடங்களில் கட்டணம் உண்டு. அமெரிக்காவில் ஹோண்டா கம்பெனியார், சொந்தக்காரர் வண்டியின் எண்ணையும் ரேடியோவின் வரிசை எண்ணையும் கொடுத்தால், வீட்டிலிருந்தபடியே ரகசிய எண்ணை இலவசமாகப் பெற்றுக்கொள்ள இன்டர்நெட்டில் வசதி செய்திருக்கிறார்கள். இந்த மாதிரி வாசலெல்லாம் இருக்கும்போது, முன்பணம் அனுப்பினால் எண் தருகிறோம் என்று முகம் தெரியாதவர்கள் சொல்வதை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். அவர்களில் யோக்கியர்களும் இருக்கிறார்கள். ஆனால் எவர் யோக்கியர் என்பது பணம் போன பிறகுதான் தெரியும்.

பாட்டரி மாற்ற வருகிறவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுவது இன்னும் உத்தமம். "ரேடியோ கோட் போகாமல் மாற்ற முடியுமா?" என்று கேளுங்கள். விவரம் தெரிந்தவர், பழைய பாட்டரியைக் கழற்றுவதற்கு முன்னால் வேறொரு சிறிய பாட்டரியை வண்டியுடன் இணைத்து, மின்சாரம் அறாமல் பார்த்துக்கொள்வார். அப்படிச் செய்யும்போது கழற்றிய கம்பியிலும் மின்சாரம் இருக்கும். இரும்பில் பட்டால் பொறி பறக்கும். ஆகையால் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். வீட்டிலே பையன்கள் பரீட்சை பார்க்கக் கூடாது. அதற்கு வசதியில்லை என்று மெக்கானிக் சொன்னால், எண் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் கழற்றச் சொல்லுங்கள்.

இப்போது வருகிற புதுக் கார்களில் இந்தத் தொந்தரவு ரொம்பக் குறைந்துவிட்டது. வண்டியில் உள்ள கருவிகளெல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ரேடியோ விழித்துக்கொண்டதும், "இது நம் பழைய வண்டிதானா?" என்று வண்டியின் எண்ணைப் பார்க்கிறது. பதினேழு எழுத்தும் இலக்கமுமாக ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் எண் உண்டு. ஒத்துப்போனால் உங்களைக் கேள்வி கேட்காமலே பாட ஆரம்பித்துவிடும். வேறு வண்டிக்கு எடுத்துப் போனால்தான் வாயை மூடிக்கொள்ளும். ஃபோக்ஸ்வாகன் கம்பெனிக்காரர்கள் முதலில் இதற்குப் பாதி வழி கண்டார்கள்: ஒரு தடவை எண்ணை அடித்துவிட்டால், வேகம் காட்டும் கருவி அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். எட்டுக் கால் பூச்சிக்குக் கொஞ்சம் புத்தி வந்தது என்று சொல்லலாம். அதோடு, ரேடியோ இப்போது தனிப் பெட்டியாகவும் இல்லை. பெரிய திரையாக டாஷ்போர்டோடு டாஷ்போர்டாக ஒட்டிப்போயிருக்கிறது. ஒரு காரின் திரை அடுத்த காருக்குப் பொருந்தாது. பாட்டுக் கேட்பதற்குக் கையில் டெலிபோன் இருக்கும்போது, திருட்டு ரேடியோவை யார் வாங்குகிறார்கள்? திருடர்கள் வேறு சாமான்களுக்குப் போய்விட்டார்கள். மேல்நாடுகளில் இப்போது காருக்கு அடியில் படுத்து, புகைக் குழாயிலுள்ள வடிகட்டியை அறுத்துக்கொண்டு போகிறார்கள். அதிலே விலையுயர்ந்த உலோகங்கள் இருக்கின்றனவாம்.

ஆனால் நம் ஊர்த் தெருக்களில் பத்து வருஷம், பதினைந்து வருஷம் ஆன கார்கள் எத்தனையோ ஓடிக்கொண்டிருக்கின்றன. கைமாறிக் கைமாறி வருகிறவை அவை. பழைய கார் வாங்கும்போது டயரைப் பார்க்கிறோம், எஞ்சினைப் பார்க்கிறோம். ரேடியோ பாடுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. "இதற்கு ரகசிய எண் உண்டா? அட்டை எங்கே?" என்று கேளுங்கள். விற்கிறவர், "அதெல்லாம் எதற்கு, பாடிக்கொண்டுதானே இருக்கிறது?" என்பார். பாட்டரி இருக்கிற வரையில் பாடும். அவர் டெலிபோன் நம்பரை மாற்றிக்கொண்டு ஊரை விட்டே போன பிறகு, அவர் அட்டையை எங்கே போய்த் தேடுவது?

எண் கிடைத்தால் அதை எழுதி வைப்பது உங்கள் வேலையாக இருக்கட்டும். காருக்குள்ளே வைக்க வேண்டாம். காஸ் புஸ்தகத்தின் நம்பரும் மின்சார இணைப்பின் நம்பரும் எழுதி வைத்திருக்கிறீர்களே, அந்த நோட்டுப் புஸ்தகத்திலேயே ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வண்டியின் பதிவு எண், ரேடியோவின் வரிசை எண், ரகசிய எண், ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது, நாமினி யார், இன்ஷூரன்ஸ் எந்தத் தேதியில் முடிகிறது என்று வரிசையாக எழுதி, எழுதிய தேதியையும் போடுங்கள். காரை விற்கிற நாளில், ரகசிய எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சாவியோடு சேர்த்து வாங்குகிறவரிடம் கொடுத்துவிடுங்கள். ஆர்.சி. அவர் பெயருக்கு மாறிவிட்டது என்று தெரிந்த பிறகு உங்கள் நோட்டில் அந்தப் பக்கத்தை அடித்துவிடலாம்.